கணப்பு எங்கே என்று கேட்டவர்

"கவாயீ" என்ற சொல்லை அன்றைக்கு ஒரே பகலில் நாற்பது முறையாவது கேட்டிருப்பேன். போன நவம்பரில், தோக்கியோவில் நாங்கள் குடியிருக்கும் பகுதியின் சமூகக்கூடத்தில் கைவினை வகுப்புக்காரர்களின் ஆண்டுக் காட்சி. ஒருவர் பின்னிய கம்பளிச் சட்டை, இன்னொருவர் வனைந்த கிண்ணங்கள், அவற்றுக்கு நடுவே என்னுடைய மரக்கால் குடில். வளைந்த சுள்ளிகள் இரண்டு. அவற்றின் தலையில், ஊதினால் விழுந்துவிடும்போல் கோணலாக ஒரு குட்டி வீடு. சாத்தி வைத்த ஏணி. வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், சிரித்தார்கள், அந்தச் சொல்லைச் சொன்னார்கள், கம்பளிச் சட்டைப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். செல்லமா இருக்கு, குட்டியா இருக்கு, கொஞ்சத் தோணுது எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். பாராட்டுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ராத்திரி சோறு வடிக்கும்போது அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. ஏழு மாதம் உட்கார்ந்து நான் செய்தது ஒரு செல்லப் பொருளையா? அன்று அந்தச் சொல்லைச் சொல்லாதவர் ஒரே ஒருவர்தான். அவரிடம் பிறகு வருகிறேன்.

என் குடிலுக்கு மூலம் நாகானோ மாகாணத்துச் சினோ நகரில் இருக்கிறது. ஷிஞ்ஜுகுவிலிருந்து அசூசா ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். தெருநோபு ஃபுஜிமோரி 1946-இல் பிறந்த ஊர் அது. கட்டடக்கலை வரலாற்றாசிரியர், பல்லாண்டுகள் அடுத்தவர்கள் கட்டியதை ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்தவர். முதன்முதலாகத் தானே ஒரு கட்டடம் கட்டியபோது வயது நாற்பத்தைந்தை நெருங்கிவிட்டது. 1991-இல் முடிந்த அந்த ஜின்சோகான் மொரியா அருங்காட்சியகத்துக்குப் பின்னால், வயல்களுக்கு நடுவே ஏறிப்போகும் பாதையில் நடந்தால் தகாசுகி-ஆன் தெரியும். மலையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த இரண்டு கஷ்கொட்டை மரங்களின் மேல், ஆறு மீட்டர் உயரத்தில், 2004-இல் தனக்காகவே அவர் கட்டிக்கொண்ட தேநீர்க் குடில். ஜப்பானியத் தேநீர் அறைகளின் பெயர்கள் பெரும்பாலும் கவித்துவமானவை. 'ஆன்' என்றால் குடில். இவர் வைத்த பெயருக்குப் பொருள் 'ரொம்ப உசரமாப் போன குடில்', அவ்வளவுதான்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் கோபியிலிருந்து அம்மா கூப்பிட்டார். "ஏங்கண்ணு, ஒரு வாய் டீக்குடிக்க மரத்து மேல ஏறோணுமா?" சிரித்துவிட்டு அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: "நம்ம காட்டுல பன்னி வெரட்டப் பரண் கட்டுவாங்கல்ல, அதாட்டவே இருக்குது." உண்மைதான். தினைப்புனத்தில் கிளி கடியப் பெண்கள் ஏறிய இதணம் முதல் சோளக்காட்டுப் பரண் வரை, நான்கு கால் நட்டு மேலே ஒரு தட்டியும் கூரையும் போடுவது நமக்குப் பழகிய காரியம். நம் பரண் வேலைக்கானது, அங்கிருந்து காவல் காக்க வேண்டும். இவருடைய பரணிலோ தேநீர் குடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த வேலையில்லாத்தனம்தான் என்னை இழுத்தது.

சினோவுக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் மேலே ஏற வாய்ப்பில்லை. நினைத்த நேரத்தில் ஏறக்கூடிய இடமும் அல்ல அது. கீழே நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, நூற்றுக்கணக்கில் படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். இந்த 'கீழே நின்று' என்பதுதான் என் தவறின் ஆரம்பம் என்று அப்போது தெரியவில்லை.

பறக்கும் மண்குதிரை

தகாசுகி-ஆனுக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு உண்டு. ஒன்று 2010-இல் செய்த 'சொராதோபு தோரோபுனே', பறக்கும் மண்படகு. சினோ நகர அருங்காட்சியகத்தில் அவருடைய கண்காட்சி நடந்தபோது ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்தது. பிறகு இங்கே கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். ஆமாம், தொங்கத்தான் விட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் நட்ட மரத்தூண்களிலிருந்து கம்பிகள் இறங்கி, மண் பூசிய தொப்பை வயிற்றுக் குடில் ஒன்றை அந்தரத்தில் பிடித்திருக்கின்றன. பெயரில் இருக்கும் குறும்பு ஜப்பானியக் குழந்தைக்கும் பிடிபடும். மண்படகில் ஏறிய கெட்ட தனுக்கி (நரி மாதிரி ஒரு காட்டு விலங்கு) படகு கரைந்து மூழ்கும் நாடோடிக் கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். அதனால் உருப்படாத காரியத்துக்கே மண்படகு என்று பேராகிவிட்டது. நம் ஊரில் ஒருவர் வீட்டுக்கு 'பறக்கும் மண்குதிரை' என்று பெயர்ப்பலகை மாட்டினால் எப்படி இருக்கும்? ஆற்றில் இறங்கத்தானே கூடாது என்றீர்கள், வானத்தில் ஏறுகிறேன் என்கிறார் மனிதர்.

இன்னொன்று 2017-இல் வந்த ஹிகுசுகி-ஆன், 'ரொம்பத் தாழ்ந்துபோன குடில்'. முன்னதற்கு நேரெதிர், பாதி மண்ணுக்குள் புதைந்தது. கூரையைக் கையால் தள்ளினால் நகர்ந்து வானம் திறக்கும். உசரம் என்று ஒருமுறை சொல்லியாயிற்று, பதிலுக்குத் தாழ்வு என்றும் சொல்லிப் பார்த்துவிடுவோம் என்கிற பிள்ளைப் பிடிவாதம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவள் என்ன செய்தேன்? கோணலைப் பிரதி எடுத்தேன். படங்களைக் கணினியில் போட்டுக் கோடு கோடாக வரைந்து, மெல்லிய பால்சா மரப் பலகையை லேசரில் வெட்டி, எங்கே எத்தனை பாகை சாய வேண்டுமோ அத்தனை பாகை சாய்த்து ஒட்டினேன். கூரை அலுங்கியதுபோல் தெரிய அட்டையைக் கசக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை. சன்னல் வழியே பார்த்தால் பசை காய்ந்த தடம்தான் தெரியும். யார் உள்ளே பார்க்கப் போகிறார்கள்? இணையத்தில் இந்தக் குடில்களைப் பார்த்துச் செய்த ஓவியங்கள், மண் சிற்பங்கள், காகித மாதிரிகள் நிறைய உண்டு. அவற்றில் பெரும்பாலானவை செய்வதும் இதைத்தான்: இரண்டு நெட்டைக் கால், மேலே ஒரு சப்பை வீடு. பார்க்கிறவனுக்கான வீடு. குடியேற ஆளில்லாத வீடு.

பெரியவர்

காட்சி முடிய அரை மணி இருக்கும். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் என் மேசை முன்னால் நின்றார். சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சன்னலில் ஒட்டிவைத்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது, அழுக்குப் பாத்திரம் கிடக்கும்போது விருந்தாளி சமையலறைக்குள் நுழைந்த மாதிரி. நிமிர்ந்து, மிகுந்த பணிவோடு கேட்டார்: "ரோ எங்கே இருக்கிறது?"

ரோ என்றால் தேநீர் அறையில் தரைக்குள் பதித்த கணப்பு. பாயில் சதுரமாக ஒரு துண்டை வெட்டி, அந்தப் பள்ளத்தில் சாம்பலும் கரியும் இட்டு, மேலே இரும்புக் கெண்டியை வைப்பார்கள். நான் ஏதோ மழுப்பினேன். மாதிரிதானே, வெளித்தோற்றம்தான் முக்கியம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். தான் தாதாமி பாய் போடுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றார். ரோவுக்காக மூலை வெட்டிய பாய்களை எத்தனையோ செய்திருக்கிறாராம். "நவம்பர் வந்தாலே வேலை குவியும். கோடையெல்லாம் தரைமேல் வைக்கும் அடுப்பு. நவம்பரில்தான் ரோவைத் திறப்பார்கள். இன்றைக்கு நவம்பர் அல்லவா, அதுதான் தேடினேன்" என்று, ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். பிறகு ஏணியைச் சுட்டினார். "விருந்தாளி இதில் ஏறி வருகிறார். மேலே வந்தால் முழங்காலை எங்கே வைப்பார்?" குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் எனக்குள்ளேயே ஒரு சண்டை. கிழவருக்கு என்ன, பாய் போட்டவர், பாயைத்தான் தேடுவார் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஃபுஜிமோரியே எழுதிவந்த ஒன்று உறுத்தியது. தேநீர் அறையைக் கட்டடம் என்று சொல்லத் தகுதியாக்குவதே அதற்குள் இருக்கும் தீ என்பது அவர் கட்சி. ஒரு மனிதன் கைகால் நீட்டும் அளவு இடத்தில் தீயைக் கொண்டுவந்து வைத்தார் பதினாறாம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ. அந்தக் கணமே அது சின்ன அறை என்பது போய், வீடு என்பதன் கடைசிச் சாரம் ஆகிவிட்டது என்கிறார். இதை நான் படித்திருந்தேன். அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். அடிக்கோடு போட்டுவிட்டு, தீ இல்லாத வீட்டை லேசரில் வெட்டியிருக்கிறேன்.

கோடு இல்லாமல் பாண்டி இல்லை

ரிக்யூவின் கையால் ஆனது என்று கருதப்படுபவற்றில் இன்று எஞ்சி நிற்கும் ஒரே அறை, கியோத்தோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையில் யாமாசாக்கியில் இருக்கும் தாய்-ஆன். மொத்தமே இரண்டு பாய் விரிக்கும் இடம். 1582 வாக்கில் கட்டியது. அதே காலத்தில், அவர் தேநீர் ஆசானாக இருந்து பணிசெய்த, நாட்டையே ஆண்ட படைத்தலைவன் ஹிதேயோஷி தங்கத் தகடு போர்த்திய தேநீர் அறை ஒன்றைச் செய்வித்து, 1586-இல் பேரரசரின் அரண்மனைக்கே பெயர்த்துக் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினார். ஒரு பக்கம் தங்கம், மறு பக்கம் வைக்கோல் தெரியும் மண்சுவர். ஐந்தாண்டுகளில் ஹிதேயோஷியின் ஆணைப்படி ரிக்யூ தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். காரணம் இன்னதுதான் என்று இன்றுவரை வாதாடுகிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது அந்த வாசல். 'நிஜிரிகுசி', தவழ்ந்து நுழையும் வாசல். வழக்கமான அளவு ஏறத்தாழ 66 செ.மீ. உயரம், 63 செ.மீ. அகலம். நாடாளுகிறவனும் குனிந்து, முழங்காலால் நகர்ந்துதான் உள்ளே வர முடியும். வாளை வெளியே மாட்டிவிட வேண்டும், இடுப்பில் அது இருந்தால் நுழையவே முடியாது.

நான் இதுவரை இதைத் தவம், துறவு, எளிமை என்றெல்லாம்தான் புரிந்துவைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அப்பட்டமான விளையாட்டாகத் தெரிகிறது. சின்ன வயதில் வாசலில் பாண்டி ஆடுவோம். சில்லு கோட்டில் விழுந்தால் ஆட்டம் போச்சு, எவ்வளவு பெரிய வீட்டுப் பெண்ணானாலும் போச்சுதான். கோட்டை அழித்துவிட்டால் வெறுமனே நொண்டுவதுதான் மிஞ்சும். தேநீர் அறையும் அப்படி ஒரு கட்டம் போட்ட இடம். இந்த வாசலில் தவழ வேண்டும், இங்கே உட்கார வேண்டும், தீ இங்கே. அதற்குள் வந்துவிட்டால் நீ படைத்தலைவன் அல்ல, ஆட்டக்காரன். ஃபுஜிமோரி அந்தக் கோடுகளில் ஒன்றைக்கூட லேசாக எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒதுங்கிய இடத்தில் குடில் இருக்க வேண்டுமா, சரி, ஆறு மீட்டர் ஒதுக்கிவிடுகிறேன் என்கிறார். நுழைவது கடினமாக இருக்க வேண்டுமா, ஏணி போட்டுவிடுகிறேன், செருப்பையும் கழற்றிவிட்டு ஏறுங்கள். உள்ளே யாராவது அசைந்தால் வீடே அசைகிறது, சபையில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லித்தர வேறு ஆள் வேண்டாம். கீழே நின்று பார்த்த எனக்கு இதில் கோணல் மட்டும்தான் கண்ணில் பட்டது. சிரிப்பு வருவது கோணலால்தான், ஆனால் கோணல் வந்தது விதியை விடாப்பிடியாகப் பிடித்ததால்.

இரண்டாவது குடில்

ஜனவரியில் மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை படங்களைத் திறக்கவில்லை. பத்தில் ஒரு பங்கு அளவு என்று முடிவு செய்துகொண்டு, ஒரு பலகையில் முதலில் ஒரு சதுரம் வரைந்தேன். ரோவின் அளவு ஒரு ஷாக்கு நான்கு சுன், நம் கணக்கில் சுமார் 42 செ.மீ. என் பலகையில் 4.2. அந்தச் சதுரத்தைச் சுற்றி வீட்டை வளரவிட்டேன். தீ இங்கே என்றால் தேநீர் கலக்குகிறவர் இங்கே. அவர் இங்கே என்றால் விருந்தாளியின் முழங்கால் அங்கே. உட்கார்ந்த கண்ணுக்கு எட்டும் உயரத்தில் சன்னல், அப்படியானால் வெளியிலிருந்து பார்க்கையில் அது அசட்டுத்தனமாகக் கீழே இறங்கித்தான் இருக்கும். ஏணியில் வருகிறவர் தீயில் விழக்கூடாது, எனவே வாசல் எதிர் மூலைக்குப் போயிற்று. வாசல் போனதும் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. பாரத்தைத் தாங்க ஒரு காலைச் சரித்து வைக்க வேண்டியதாயிற்று. மூன்று வாரம் கழித்துத் தள்ளி நின்று பார்த்தால் வீடு கோணிக்கொண்டு நிற்கிறது! நான் ஒரு பாகைகூடக் கோணலாக வரையவில்லை.

சுவருக்கு மண்தான் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். தாமரைத் தொட்டிக்கென்று செடிக்கடைகளில் விற்கும் அரகிதா மண் இங்கே கிடைக்கும்; பசபசவென்று வயல்மண் மாதிரி இருக்கும், சுவர் பூசவும் அதுதான். வைக்கோலும் கட்டாக விற்கிறார்கள். பூசினேன். காய்ந்ததும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். "கொழச்சு ஒடனே பூசினயா? நெல்லாக் கேட்ட போ! வக்கலப் போட்டு மிதிச்சுப் புளிக்க உடோணுங் கண்ணு. நாத்தம் வரோணும். நாத்தம் வந்தாத்தான் மண்ணு புடிக்கும்." இங்குள்ள சுவர்ப்பூச்சுக்காரர்களும் அதையேதான் செய்கிறார்கள் என்று அப்புறம் படித்தேன், வைக்கோல் அழுகி மண்ணைப் பிசினாக்கும் வரை வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் ஊறவிடுவார்களாம். பால்கனி வாளியில் இருபத்தைந்து நாள். வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மாட்டுத்தாவணி வாசம் வருது, பக்கத்து வீட்டுல புகார் சொல்லப் போறாங்க" என்று தினம் ஒருமுறை சொன்னார். புகார் வரவில்லை.

இத்தனைக்கும் ஃபுஜிமோரி ஒன்றும் மண்ணில் சுத்தம் பார்க்கிற ஆள் இல்லை. ஜின்சோகான் அருங்காட்சியகம் பார்க்க ஏதோ கற்கால மனிதர்கள் எழுப்பியதுபோல் இருக்கும். உள்ளே எலும்புக்கூடு முழுக்கக் காங்கிரீட். வெளிச்சுவரில் வைக்கோல் கலந்த சிமென்ட் சாந்து, அதன்மேல் மெல்லிசாக நிஜ மண். மழைக்கு நிற்க வேண்டுமே. இந்த ஏமாற்றை அவர் மறைப்பதும் இல்லை. முன்பு இது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. வாளியைக் கிளறிக்கொண்டிருந்த நாட்களில், நானும் கொஞ்சம் வெள்ளைப் பசை சேர்த்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

வாசலை அளவு பிசகாமல் வைத்தேன், 6.6-க்கு 6.3. உள்ளே பாய் விரிக்கக் கையை விட்டபோதுதான் புரிந்தது, என் உள்ளங்கை அதைவிட அகலம். கட்டைவிரலை மடக்கி, மற்ற விரல்களைக் குவித்து, மணிக்கட்டைத் தாழ்த்தினால்தான் நுழைகிறது. மோதிரம் தட்டியது, கழற்றி வெளியே வைத்தேன். வைத்துவிட்டு ஒரு நிமிடம் அந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகத் தீ. கரி வைக்கிற அளவுக்குத் துணிச்சல் வரவில்லை. 4.2 செ.மீ. பள்ளத்தில் களிமண் பூசி, சாம்பல் கொட்டி, ஊதுபத்தியில் ஒரு விரற்கடை ஒடித்து நட்டுப் பற்றவைத்தேன். இந்த அடுக்ககத்தின் புகை எச்சரிக்கைக் கருவி சாம்பிராணிக்கே கூச்சல் போடும், ஆகவே பால்கனிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பிப்ரவரிக் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். சன்னலில் ஒரு செம்புள்ளி. கொஞ்ச நேரத்தில் புகை வெளியே வர ஆரம்பித்தது, நான் விட்ட வழிகளில் மட்டுமல்ல. கூரையும் சுவரும் கூடும் இடத்தில், மண் வெடித்த கீறல்களில், எனக்கே தெரியாத ஓட்டைகளில். என் மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, உள்ள யாரோ இருக்காங்க" என்றாள். கவாயீ என்று சொல்லவில்லை. பள்ளியில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவள்.

ஏணியின் நடுத்தட்டில் ஒரு ஜோடிச் செருப்பு செய்து வைத்தேன், ஒவ்வொன்றும் இரண்டரை செ.மீ. நீளம். உள்ளே போனவர் கழற்றிவிட்டுப் போனது. புத்தக அலமாரியின் மேல்தட்டில் குடிலை நிறுத்தினேன். மார்ச்சில் ஒரு விடியற்காலை நிலம் ஆடியது, இங்கத்து நில அதிர்வு அளவுகோலில் ஷிந்தோ மூன்று என்பார்கள், திரைச்சீலைக் கம்பி கிலுகிலுக்கும் அளவு. படுக்கையிலிருந்தே பார்த்தேன். அலமாரி ஒரு தாளத்தில் ஆட, குடில் அதன் தலையில் வேறொரு தாளத்தில் ஆடியது, சரித்து வைத்த கால் வளைந்து கொடுத்தது, நின்றது. விடிந்ததும் போய்ச் சோதித்தேன். சுவரில் புதிய கீறல் இல்லை, ஏணி இடம் மாறவில்லை. செருப்பில் ஒன்றை மட்டும் காணோம். அலமாரியை நகர்த்திப் பெருக்கியும் பார்த்துவிட்டோம். இன்னும் கிடைக்கவில்லை.